பூட்டி வைத்த உப்புச் சாடி

காலையில் சப்பாத்துப் போடுவதற்கு முன் சவுந்தரநாயகம் கதிரையில் உட்கார்ந்து காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டுவார். அவருடைய மனைவி மாக்ரெட் முன்னால் குந்தியிருந்து, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் பெருவிரலை வைத்து அழுத்துவாள். விரலை எடுத்தவுடன் அங்கே ஒரு குழி நிற்கும். அந்தக் குழி நிரம்பி மறையும்வரை அவள் மாதாவை நோக்கிப் பிரியதத்த மந்திரம் சொல்லுவாள். விபூதிப் புதனன்று ஒரு மந்திரம் முடியக் குழி மறைந்தது. இன்றைக்கு, உயிர்த்த ஞாயிறான பாஸ்குக்கு முந்திய நோன்பின், தபசு காலத்தின் நாலாம் கிழமை. இரண்டாவது மந்திரத்தில் "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்ற இடம் வந்தும் குழி அப்படியே கிடந்தது.

"கூடியிருக்கு," என்றாள்.

"எனக்கெண்டா குறைஞ்ச மாதிரிக் கிடக்கு."

சொன்னாரே தவிர, சப்பாத்து நூலை அவரால் கட்ட முடியவில்லை. சப்பாத்தின் இரண்டு பக்கத்துத் தோலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. நூலை உள்ளே செருகிக்கொண்டு, ஒரு கையில் குடையும் மறுகையில் மாக்ரெட் கட்டிக்கொடுத்த மத்தியானச் சாப்பாடுமாக, துறைமுகத்துக்கு நடந்தார். அங்கே அவர் கப்பற்சாமான் எண்ணும் கிளாக்கர். பதினெட்டு வருஷத்து வேலை.

அந்த வேலைக்குத்தான் இப்போது தவணை வைத்திருந்தார்கள். யுத்த காலம். துறைமுகத்தில் கப்பல் மேல் கப்பல். நடக்க மாட்டாத கிளாக்கர் யாருக்கும் தேவையில்லை. மாசிமாதக் கடைசியில் துறைமுகக் கந்தோர் டொக்டர் அவருடைய காலை அழுத்திப் பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், இங்கிலீசில் இரண்டு வசனம் சொன்னார். பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் அதைத் தமிழாக்கினார்: "உப்புக் கூடாது. ஆறு கிழமை. பாஸ்கு முடிஞ்ச திங்கட்கிழமை வாங்க. வீக்கம் இறங்கியிருந்தா வேலை. இல்லாட்டி வேலையில்ல எண்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிப் போடுவார்." அதற்குள் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாயிற்று. உப்பு எந்தெந்தச் சாப்பாட்டில் ஒளிந்திருக்கிறது என்று சொல்ல அந்தப் படித்த மனிதருக்கு இன்னும் ஒரு நிமிஷம் பிடித்திருக்கும். கொட்டாஞ்சேனைக் கிளாக்கருக்கும் பெண்சாதிக்கும் ஒரு நிமிஷம் அதிகம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வேலையைவிடப் பெரிய பயம் ஒன்று மாக்ரெட்டுக்கு இருந்தது. கால் வீங்கிய மனிதர்கள் எப்படி முடிவார்கள் என்பதை அவள் தாங்கள் குடியிருந்த, பல குடித்தனங்கள் சேர்ந்த அதே வளவில் கண்டிருந்தாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவர் போனால் அவளுக்கு ஆர் இருக்கிறார்கள்?

டொக்டரைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் உப்புச் சாடியைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைச் செபமாலையோடு சேர்த்து இடுப்பில் செருகினாள். ஒரு கல் உப்பு இல்லாமல் அவருக்குச் சமைத்தாள். அதையே தானும் சாப்பிட்டாள். கோயிலுக்குப் போகும் வழியில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. "எங்கட வீட்டில உப்பு அலுமாரிக்குள்ள. நானும் அவரோட சேர்ந்து தபசு," என்று சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

அவளுக்கு அதிசயமாக இருந்தது ஒன்றுதான். உப்பில்லாமலே அவளுடைய கறி ருசித்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்கிறார்கள், என் கைக்கு அது பொருந்தாது போலிருக்கிறது என்று அவள் தனக்குள்ளே மெச்சிக்கொண்டாள். அரிசிக்குக் கூப்பன் வந்த பிறகு வீட்டில் காலையும் பேக்கரிப் பாண், மத்தியானமும் பாண். பட்டாளத்துச் சாமான் துறைமுகத்தில் மலிவாகக் கைமாறும். அதனால் பாணுக்குத் தகரத்தில் அடைத்து வரும் ரின் பட்டர், ரின் இறைச்சி. தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி ஆகாதே, அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. சம்பலுக்கு மாசிக் கருவாட்டை இடித்துப் போடுவாள். பருப்பு கெதியாய் அவிய ஒரு சிட்டிகை அப்பச்சோடா. அவருக்கு வயிறு பொருமினால், மருந்துக்கடையில் வாங்கிய நுரைக்கிற தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பாள். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். இரண்டு பேருக்கும் பின்னேரமானால் தாகம் தாங்காது. தண்ணீர்க் கூசா இரண்டு முறை காலியாகும். பங்குனி வெயில் என்று நினைத்தாள்.

பிறகும் குழி ஆழமாகிக்கொண்டே போனது. தன் வீட்டில் உப்பில்லை. அப்படியானால் அது வேறொரு வீட்டிலிருந்து வருகிறது. கணக்கு அவ்வளவுதான். அந்த வீடு எது என்று கண்டுபிடிக்க அவளுக்கு வெகுநாள் எடுக்கவில்லை.

மூன்றாம் கிழமையில் வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் குடையை நீட்ட, அதை வாங்கும்போது அவருடைய விரலில் தேசிக்காய்ப் புளி மணத்தது. தேசிக்காயும் பச்சை மிளகாயும். அவள் வீட்டில் அன்று தேசிக்காய் இல்லை. "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டாள். கப்பல் பிந்தினது, நீ கட்டித்தந்ததைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். அவள் பரிமாறிய கருவாட்டுக் குழம்பில் பாதியை வைத்துவிட்டு எழும்பினார். அந்த மிச்சக் கோப்பையை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத்தான் அவர் பாதியில் வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

துறைமுகப் பக்கத்து ஒழுங்கையால் வளவுக்குள் நுழைந்தால் முதலில் வருவது யோசெப்பினின் ஒற்றை அறை. வயது இருபத்தெட்டு. அவளுடைய புருஷன் சவுந்தரநாயகத்துக்குக் கீழே வேலை செய்தவன். போன வருஷம் கால் வீங்கி, வயிறு வீங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் செத்தவன். சவப்பெட்டியை முன்னால் பிடித்துத் தூக்கியவர் சவுந்தரநாயகம்தான். யோசெப்பின் தைத்துப் பிழைத்தாள். அரிசி வாங்க வசதியில்லை. பாண் வாங்கினால் அன்றைக்குப் பெருநாள். ரின்னைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி. மரவள்ளிக்கிழங்கும் முகத்துவாரத்துப் பொடிமீனும்தான் அவளுடைய சாப்பாடு.

இதெல்லாம் மாக்ரெட்டுக்குத் தெரியும். ஆனால் பொறாமை பிடித்த கண் தெரிந்ததைப் பார்க்காது, வேண்டியதைத்தான் பார்க்கும். பொதுக்குழாயடியில் யோசெப்பின் வாளியைத் தூக்கும்போது அவளுடைய இடுப்பு எப்படி வளைகிறது என்று மாக்ரெட் பார்த்தாள். வெள்ளைச் சேலையை அவள் எத்தனை தரம் நீலம் போட்டுத் தோய்க்கிறாள் என்று எண்ணினாள். தாலியறுத்தவளுக்கு என்ன சிரிப்பு என்று கேட்டுக்கொண்டாள். நாற்பத்துநாலு வயதில் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து, கண்ணுக்குக் கீழே இருந்த உப்பலை விரலால் தடவினாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்தப் பழமொழி இப்போது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. நான் வாயைக் கட்டி வைக்கிறேன், அவள் உப்புப் போட்டு ஆளைக் கட்டுகிறாள்.

பாஸ்குக்கு இரண்டு கிழமை இருந்தது. சனிக்கிழமை, கந்தோர் அரைநாள். மாக்ரெட் பின்கதவைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு மணிக்குச் சவுந்தரநாயகம் ஒழுங்கையால் வந்தார். யோசெப்பினின் வாசலில் கிடந்த பலகையில், எல்லாரும் காணக்கூடிய இடத்தில், உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. அவள் ஒரு பீங்கானில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தையல் மெசினில் இருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. மாக்ரெட்டுக்கு அது போதும்.

செருப்பும் போடாமல் வளவைக் கடந்துபோய் அவர் கையிலிருந்த பீங்கானைப் பிடுங்கினாள்.

"பேச்சியம்மா," என்று கூப்பிட்டாள். "வெளியில வா. நீதான் சாட்சி."

பேச்சியம்மா கடைசி அறையில் இருக்கிறவள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். அவள் கீரை விற்கிறாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சனம் என்று மாக்ரெட் அவளைத் தன் வாசற்படி ஏறவிட்டதில்லை. இன்றைக்குச் சாட்சி வேண்டியிருந்ததால் அவளும் ஒரு மனுஷியானாள். குழாயடியில் நின்ற மற்றப் பெண்களும் வாளியை வைத்துவிட்டு வந்தார்கள்.

மாக்ரெட் சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னாள். டொக்டர் உப்பை நிறுத்தச் சொன்னதை, தான் சாடியைப் பூட்டியதை, நாலு கிழமையாய் ஒரு கல் நாக்கில் படாததை, இந்தக் கைம்பெண் களவாய் உப்புப் போட்டு ஒரு குடும்பஸ்தனைப் பிடித்து வைத்திருப்பதை. சவுந்தரநாயகம் ஒரு சப்பாத்தோடு நின்றார். யோசெப்பின் ஊசியில் நூல் தொங்க வாசலில் வந்து நின்றாள்.

"இப்ப பாருங்கோ எல்லாரும். நானே தின்னுறன். உப்பிருக்கா இல்லையா எண்டு நானே சொல்லுறன்."

அவள் கிழங்கில் ஒரு துண்டைப் பிய்த்து, சம்பலில் தோய்த்து வாயில் போட்டாள். தேங்காய்ப்பூவும் சின்னவெங்காயமும் பச்சை மிளகாயும். தேசிப்புளி பல்லைக் கூசவைத்தது. நாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி உப்புக்காகக் காத்திருந்தது. வரவில்லை. இன்னொரு துண்டு எடுத்தாள். மீனைத் தொட்டாள், பச்சைச் சூடைமீன், கொறுக்காய்ப் புளியும் மிளகும் உள்ளியும் போட்டு வற்றவைத்தது. மிளகு எரித்தது, மீன் இனித்தது. உப்பு இல்லை. குழம்பைத் தனியே வழித்து நக்கினாள். இல்லை. ஆனால் நன்றாயிருந்தது. அதுதான் அவளால் பொறுக்க முடியாமல் இருந்தது.

"தேடுங்கோ அக்கா," என்றாள் யோசெப்பின். "கிடைச்சா எனக்கும் காட்டுங்கோ."

யாரோ சிரித்தார்கள். மாக்ரெட்டின் முகம் சிவந்தது.

"இண்டைக்குப் போடேல்ல. நான் வருவன் எண்டு உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்ப உங்கட சட்டியையும் கொண்டு வாங்கோ. அதையும் பேச்சியம்மா பார்க்கட்டும்."

மாக்ரெட் இதற்குத் தயங்கவில்லை. தயங்க அவளிடம் காரணம் இல்லை. நேற்றைய வெள்ளிக்கிழமைக் கருவாட்டுக் குழம்பை, பருப்பை, பட்டர் பூசிய இரண்டு துண்டுப் பாணை ஒரு தட்டத்தில் வைத்து, கோயிலுக்குக் காணிக்கை கொண்டுபோகிறவள் மாதிரிக் கொண்டுவந்தாள். பேச்சியம்மா கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பாணைக் குழம்பில் தோய்த்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். மாக்ரெட்டின் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் மென்றாள். பிறகு குழாயடிக்குப் போய்க் கையைக் குவித்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"என்னம்மா இது, கடல்ல முக்கி எடுத்தாப்புல இருக்கு."

"பொய் சொல்லாதே. ஒரு கல்லுப் போடேல்ல. சாவி இந்தா, என்ர இடுப்பில கிடக்கு."

"சாவி கெடக்கட்டும்மா. நீங்க போடலை, சரி. கருவாட்டுக்கு உப்புப் போட்டவன் எவன்? அவன் சாவிய எங்க வச்சிருக்கான்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மாக்ரெட் தட்டத்தைக் குனிந்து பார்த்தாள். கருவாடு என்றால் கருவாடு, அது மீன். உப்பு என்றால் சாடியில் கிடக்கிற வெள்ளைக் கல். இரண்டும் ஒன்று என்று நாற்பத்துநாலு வருஷத்தில் அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவளும் நினைத்துப் பார்க்கவில்லை. முட்டாள் என்று அவளைச் சொல்ல வேண்டாம். அந்த வளவில் அன்றைக்கு நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

யோசெப்பின் பீங்கானை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினாள்.

"அக்கா, என்ர மனுசனுக்கும் உப்பில்லாமல் எண்டுதான் சமைச்சனான். கருவாடு குடுத்தன், மாசிச் சம்பல் குடுத்தன், ஊறுகாயக் கழுவிக் குடுத்தன். அவர் சாகிறதுக்கு முதல்நாள்தான் ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒருத்தி என்ன என்ன சாப்பிட்டவர் எண்டு ஒண்டொண்டாக் கேட்டு விரல் மடிச்சாள். பாணுக்குக் குழைக்கேக்கயே உப்புப் போடுறாங்களாம். ரின் பட்டரும் ரின் இறைச்சியும் கெட்டுப்போகாம இருக்கிறதே உப்பாலதானாம். அப்பச்சோடாவும் வயித்துக்குக் கரைக்கிற தூளும் அந்தச் சாதிதானாம், நாக்குக்குத் தெரியாதாம். அவள் பத்து விரலும் மடிச்சு முடிச்சாள். நான் சுவரில தலையை முட்டினன்."

தையல் நூலை அவள் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"இதைச் சொல்லத்தான் முதல் கிழமையே உங்கட வாசலுக்கு வந்தனான். ஞாபகமிருக்கோ?"

இருந்தது. விபூதிப் புதனுக்கு மறுநாள். "அக்கா, பாண்..." என்று அவள் தொடங்கியபோது, என் புருஷனுக்கு என்ன பத்தியம் என்று எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பார் என்று மாக்ரெட் கதவைச் சாத்தினாள். சாத்தும்போது அவள் பார்த்தது யோசெப்பினின் தலையில் இருந்த எண்ணெய்ப் பளபளப்பை. அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்கவில்லை.

மாக்ரெட் புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் இவள் சொன்னவளோ?"

சவுந்தரநாயகம் தலையை ஆட்டினார். சொன்னாள் என்று.

"பிறகேன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா, ஆர் சொன்னது எண்டு கேப்பாய்."

அவர் இதை நியாயம் என்று நினைத்துத்தான் சொன்னார். கப்பலில் பத்தாயிரம் மூட்டை எண்ணத் தெரிந்த மனிதர். மனைவியின் ஒரு கேள்விக்குப் பயந்து, விஷம் என்று தெரிந்ததைத் தினம் மூன்று வேளை தின்று, பின்னேரத்தில் ஒரு பீங்கான் மரவள்ளிக்கிழங்கால் அதைச் சரிக்கட்டலாம் என்று நம்பியிருந்தார். அடங்கிய மனிதர் என்று வளவில் அவருக்குப் பெயர். இந்த அடக்கத்துக்குக் கோழைத்தனம் என்று ஒரு பெயரும் உண்டு.

மாக்ரெட் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அவருடைய சப்பாத்தில்லாத காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, பழக்கதோஷத்தில் பெருவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. அதை அழுத்தி அழுத்தித் தோண்டியது தன் கைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. மந்திரம் சொல்ல வாய் வரவில்லை.

நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "அந்த மீனுக்குக் கொறுக்காய் எவ்வளவு போட்டனீ?"

"ரெண்டு சுளை," என்றாள் யோசெப்பின். "உள்ளி கொஞ்சம் கூட."

அன்றிலிருந்து பாண் நின்றது. ரின்கள் பேச்சியம்மாவின் வீட்டுக்குப் போகப் புறப்பட்டன. அவளும் வேண்டாம் என்று திருப்பிவிட்டாள். கூப்பன் அரிசியை அவருக்கு வைத்துவிட்டு மாக்ரெட் கிழங்கு தின்றாள். விடியற்காலையில் முகத்துவாரத்துக்கு நடந்து பச்சைமீன் வாங்கினாள். பொறாமை அன்றோடு செத்துப்போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். "யோசெப்பின்ர கைப்பதம் வரேல்ல" என்று சவுந்தரநாயகம் ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட, அவள் அகப்பையைச் சுவரில் எறிந்தாள். பிறகு அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டுபோய், யோசெப்பினிடமே இன்னொரு தரம் கேட்டு வந்தாள். நெஞ்சு எரியத்தான் எரிந்தது. ஆனால் கேட்டாள்.

பாஸ்கு முடிந்த திங்கட்கிழமை காலையில் குழி ஒரு மந்திரத்தின் பாதியில் நிரம்பியது. சப்பாத்து நூல் இறுகக் கட்டுப்படாவிட்டாலும் கட்டுப்பட்டது. கந்தோர் டொக்டர் காலை அழுத்திப் பார்த்து, இங்கிலீசில் ஒரு வசனம் சொன்னார். இன்னும் மூன்று மாதம் வேலையில் இருக்கலாம், பிறகு திரும்பவும் பார்ப்பார் என்று கம்பவுண்டர் தமிழாக்கினார். மூன்று மாதம். கூடப் போயிருந்த மாக்ரெட் அதுவே போதும் என்று ஏற்றுக்கொண்டாள்.

வெளியே வரும்போது அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். கால் வீங்கிய, மூட்டை தூக்கும் ஒரு நாட்டாமை. கூடவே அவன் பெண்சாதி, இடுப்பில் பிள்ளையோடு. கதவடியில் மாக்ரெட் நின்றாள். உள்ளே அதே குரல் அதே தமிழில் சொன்னது: "உப்புக் கூடாது. ஆறு கிழமை." அரை நிமிஷத்தில் அந்தப் பெண் வெளியே வந்தாள். முகத்தில் ஒரு தீர்மானம் தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் சாடியை எங்கே ஒளிக்கலாம் என்று அவள் இப்போதே யோசிக்கிறாள் என்பது மாக்ரெட்டுக்கு விளங்கியது.

"இஞ்ச வாம்மா," என்று அவளுடைய கையைப் பிடித்து வாசல் வாங்குப் பலகையில் இருத்தினாள். "சாடியைப் பூட்டிப்போட்டு உப்பை நிப்பாட்டியாச்சு எண்டு நினைக்காதே. நான் நினைச்சனான். பாணில உப்பு, ரின் பட்டரில உப்பு, ரின் இறைச்சியில உப்பு, கருவாடும் மாசியும் ஊறுகாயும் முழு உப்பு. அப்பச்சோடாவும் வேண்டாம், வயித்துக்குக் கரைக்கிற தூளும் வேண்டாம். தேசிக்காய் போடு, மிளகு போடு, உள்ளி போடு, கொறுக்காய் போடு. பச்சைமீன் வாங்கு. சமைக்கேக்க நீ போட்ட உப்பை மட்டும் எண்ணாதே, கடைக்காரன் போட்டதையும் எண்ணு."

அந்தப் பெண் விரல்களை மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவளுடைய பெருவிரலைப் பிடித்து இழுத்தது.

"இன்னொண்டு," என்றாள் மாக்ரெட். சவுந்தரநாயகம் குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் காத்து நின்றார். அவருக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "தெரிஞ்ச ஒருத்தி உன்ர வாசலுக்கு வந்து இதைச் சொன்னா, அவளின்ர முகம் உனக்குப் பிடிக்காட்டியும் கதவைச் சாத்தாதே. உப்பு இவரின்ர காலைத்தான் வீங்க வச்சது. நாலு கிழமையா இவரை அதைத் தின்ன வச்சது என்ர பொறாமை."